சாட்சி நேரத்தில் மனம் வாடுகிற அக்காவிடம் என்ன சொல்வது?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நான் நடத்துகிறேன். சாட்சி நேரத்தில் ஒருவர் புது வீட்டுக்கும் இன்னொருவர் மகனின் கனடா விசாவுக்கும் நன்றி சொல்லும்போது, மகளுக்கு இன்னும் வரன் அமையாத ஒரு அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே குனிந்திருக்கிறார், அப்புறம் தனியாக வந்து “எனக்கு மட்டும் ஏன் சிஸ்டர்?” என்கிறார். பொறாமை பாவம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது பொறாமையும் இல்லை. யோவான் 21-இல் பேதுரு இன்னொரு சீஷனைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்க, உனக்கென்ன, நீ என் பின்னே வா என்கிறாரே இயேசு, அதை வைத்துப் பேசலாமா, காயப்படுத்திவிடுமா? பிலிப்பியர் 4-இல் காவலில் இருந்த பவுல் மனரம்மியத்தை, அதாவது எந்த நிலையிலும் மனத்திருப்தியோடு இருப்பதை, கற்றுக்கொண்டதாகத்தான் சொல்கிறார், எனக்கு அது பெரிய ஆறுதல். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், அந்த அக்காவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.