கடுமைப் புள்ளி: நாரி நோவை அளக்க ஒரு சொல்

வணக்கம்.

நாரிப் பகுதியில், அதாவது கீழ்முதுகில், முள்ளந்தண்டுக் கால்வாய் (முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் வழி) ஒடுங்கியவர்கள் தங்கள் நிலையைச் சொல்ல நிரப்பும் சூரிச் வினாக்கொத்தின், ஏழு கேள்விகள் கொண்ட முதற்பகுதியை ‘அறிகுறித் தீவிர அளவுகோல்’ என்று தமிழாக்கலாம் எனச் சென்னை நண்பர் எழுதியிருந்தார். கிளிநொச்சியில் இயன்மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு சொற்களும் எனக்கு இடறுகின்றன.

‘அறிகுறி’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் முழங்காலில் தட்டிக் கண்டுபிடிப்பதும் அறிகுறி, நோயாளி வாய்விட்டுச் சொல்வதும் அறிகுறி. இந்த ஏழு கேள்விகளும் பின்னதை மட்டுமே கேட்கின்றன. ‘உபாதை’ என்றால் குழப்பமில்லை.

‘தீவிரம்’தான் பெரிய தொல்லை. சென்ற மாதம் பரந்தன் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். வாசலிலிருந்து என் அறைக்கு வருவதற்குள் இரண்டு முறை வாங்கில் குந்திவிட்டார். “சைக்கிள் என்றால் முல்லைத்தீவுக்கும் போவேன் தம்பி, நடக்கத்தான் ஏலாது” என்றார். முன்னே குனிந்தால் கால்வாய் சற்று அகலும், நரம்புகளின் நெரிவு குறையும். ஹேண்டிலில் சாய்ந்து மிதிப்பவருக்கு ஏன் நோவில்லை என்பது அதில் விளங்கும். அவரிடம் “நோவின் தீவிரம் என்ன?” என்று கேட்டேன். முகம் வெளிறிவிட்டது. “அதிதீவிரப் பிரிவில் போடப் போகிறீர்களா?” என்றார். நம் ஆஸ்பத்திரிகளில் அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு கதவின் மேல் எழுதியிருக்கிறது. ‘கடுமை’ என்று மாற்றிக் கேட்டதும் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

கடுமைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு விடைக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. சராசரி கூடக் கூட நிலைமை மோசம். ஆனால் புள்ளி கூடினால் சித்தி (தேர்ச்சி) என்று பள்ளிக்கூடத்திலேயே பழகிய சனம் நாங்கள். 4 புள்ளி என்றதும் மகிழ்ந்துபோன அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். ‘கடுமைப் புள்ளி’ என்றால் அந்த மகிழ்ச்சிக்கு இடமில்லை.

அடுத்து, கால் உணர்விழப்பு பற்றிய கேள்வி. இங்கே கால் ‘விறைக்கிறது’ என்றால் உணர்ச்சி இல்லை என்று பொருள். தமிழகத்தில் விறைப்பு என்றால் மடங்காத இறுக்கம். ஒரே தாளை இரு கரையிலும் கொடுத்தால் ஒரே கட்டத்தில் இரு வேறு நோய்கள் விழும். ‘மரத்துப்போதல்’ என்று எழுதி, பக்கத்தில் ‘விறைப்பு’ என்று எங்களுக்காகச் சேர்ப்பதே பாதுகாப்பு.

‘நாரி’ வட்டார வழக்கு, ‘இடுப்பு’ போதும் என்ற கருத்தை ஏற்கமாட்டேன். நாரி முள்ளென்பு (கீழ்முதுகின் முதுகெலும்புத் துண்டு) எங்கள் உயிரியல் பாடப்புத்தகத்துச் சொல். இடுப்பு என்றால் பாதிப்பேர் இடுப்பெலும்பைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். நோய்க்கு ‘முண்ணாண் (தண்டுவடம்) ஒடுக்கம்’ என்பதும் சரியன்று. பெரியவர்களில் முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறங்குபவை குதிரைவால் போன்ற நரம்பு வேர்கள்தாம். ஒடுங்குவது கால்வாய்.

ஆகவே என் முன்மொழிவு: நோய்க்கு ‘நாரிக் கால்வாய் ஒடுக்கம்’, அளவுகோலுக்கு ‘உபாதைக் கடுமை அளவுகோல்’. விடைப் படிகளில் நடுவில் உள்ளதற்கு ‘மிதம்’ மட்டும் வேண்டாம். மிதமான நோ என்று வாசித்த ஒருவர், “அப்படியென்றால் நல்லதுதானே?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ‘நடுத்தரம்’ எனக்கும் முழுத் திருப்தியில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.