பேய் நிலையமா, நில்லா நிலையமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பெர்லின் சுரங்க ரயில் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கி வரும் நண்பர், வண்டி நிற்காமல் கடந்து போகும், ஜெர்மானியர் ‘கைஸ்டர்பான்ஹோஃப்’ (சொல்லுக்குச் சொல் ‘பேய் நிலையம்’) என்று அழைக்கும் வகை நிலையத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தார். பேய் நிலையம், ஆவி நிலையம், பாழ் நிலையம், கைவிடப்பட்ட நிலையம், தரியா நிலையம் என்று இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன. சொற்களைத் தனியே வைத்து வாதிடுவதைக் காட்டிலும், அவை குறிக்க வேண்டிய பொருளின் மீது உரசிப் பார்ப்பது நல்லது என்பதால், ஒரே ஒரு நிலையத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று பெர்லினின் யூ6 தடத்தில் ஷ்வார்ட்ஸ்கோப் தெரு என்றொரு நிலையம் உள்ளது. 1923ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது அதற்கு இதே பெயர்தான் இருந்தது. அந்த வட்டாரத்தில் ரயில் எஞ்சின் தொழிற்சாலை நடத்திய லூயி ஷ்வார்ட்ஸ்கோப்பின் பெயர் தெருவுக்கு வந்து, தெருவின் பெயர் நிலையத்துக்கு வந்தது. போருக்குப் பின் அப்பகுதி கிழக்கு ஜெர்மனியின் ஆட்சிக்குள் சென்றது. அருகே எழுந்த விளையாட்டரங்கத்துக்கு ஆளுங்கட்சித் தலைவரான வால்ட்டர் உல்பிரிக்டின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1951இல் நிலையமும் ‘வால்ட்டர் உல்பிரிக்ட் அரங்கம்’ ஆயிற்று. உயிரோடும் பதவியோடும் இருப்பவரின் பெயரைச் சுவரில் பதிப்பதில் உள்ள இடர் அப்போது யாருக்கும் தோன்றவில்லை போலும்.

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்குப் பெர்லினுக்கும் மேற்குப் பெர்லினுக்கும் இடையிலான எல்லை அடைக்கப்பட்டது. இந்தத் தடத்தின் வட முனையும் தென் முனையும் மேற்குப் பெர்லினில் இருந்தன. நடுப்பகுதி மட்டும் கிழக்குப் பெர்லினின் அடியில் சென்றது. தண்டவாளத்தை அறுக்காமல் நிலையங்களை மட்டும் அடைத்தார்கள். மேற்கின் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அதற்காக மேற்கு, கிழக்குக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தியது. எல்லைக்கு முந்தைய நிலையத்தில் ‘மேற்குப் பெர்லினின் கடைசி நிலையம்’ என்ற அறிவிப்பு ஒலிக்கும். அதன்பின் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மங்கலான விளக்கொளியில் காவலர் மட்டுமே நிற்கும் நடைமேடைகளை ஒவ்வொன்றாகக் கடந்து போகும். வழியில் அது நின்றது ஃபிரீட்ரிஷ் தெருவில் மட்டுமே. மேலே, கிழக்குப் பெர்லின் தெருக்களில், இந்நிலையங்களின் வாயில்கள் அடைக்கப்பட்டுக் கிடந்தன.

இனித்தான் நமக்குத் தேவையான செய்தி வருகிறது. 1971இல் உல்பிரிக்ட் கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். 1973இல் உலக இளைஞர் விழா கிழக்குப் பெர்லினில் நடந்தபோது அரங்கத்தின் பெயர் ‘உலக இளைஞர் அரங்கம்’ என்று மாறியது. அடியில் இருந்த நிலையத்தின் பெயரும் உடன் மாறியது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவர் கூட ஏறவோ இறங்கவோ முடியாத நிலையத்துக்குப் பெயர்மாற்றம்! 1990 ஜூலை 1 அன்று அது மீண்டும் திறக்கப்பட்டு, 1991இல் பழைய தெருப்பெயருக்கே திரும்பியது. அரங்கமும் பின்னர் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத்துறைத் தலைமையகம் நிற்கிறது.

இந்த நிலையத்தின் மேல் நம் சொற்களை வைத்துப் பார்ப்போம்.

‘கைவிடப்பட்ட நிலையம்’ பொருந்தவில்லை. யாரும் அதைக் கைவிடவில்லை. வண்டி நிற்கும் நிலையங்களைவிட அங்கே காவல் கடுமையாக இருந்தது, பெயரைக் கூட மறக்காமல் மாற்றினார்கள். ‘பாழ் நிலையம்’ என்பதும் அதே காரணத்தால் விலகுகிறது. பாழ்மண்டபம், பாழுங்கிணறு என்னும்போது நம் மனத்தில் எழுவது இடிந்து தூர்ந்துபோன ஒன்று. இந்த நிலையமோ இடிந்து தூர்ந்துபோகவில்லை, பின்னர் மீண்டும் பயணிகளை ஏற்றியது. ‘ஆவி நிலையம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயிலைப் பற்றிய பேச்சில் ஆவி என்றால் நீராவிதான். தண்ணீர் பிடிக்க எஞ்சின் நிற்கும் இடம் என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

‘பேய் நிலையம்’ என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு என்று இங்கு ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. தமிழில் பேய் என்னும் முன்னொட்டுக்குத் தனி வாழ்வு உண்டு. பேய்ச்சுரை பார்ப்பதற்குச் சுரைக்காய், கறிக்கு ஆகாது. பேய்ப்பீர்க்கும் அப்படியே. கானலைப் ‘பேய்த்தேர்’ என்றனர் பழந்தமிழர். தோன்றும், கிட்டப் போனால் இராது. அந்த வரிசையில், நிலையம் போலத் தோன்றியும் நிலையமாகப் பயன்படாத ஒன்றைப் பேய் நிலையம் என்று சொல்வதில் பிழை ஏதும் இல்லை. சொல்லப்போனால் ஜெர்மன் சொல்லைவிட அது ஒரு படி துல்லியமாகவே இருக்கும். எனக்குள்ள தயக்கம் வேறு. அந்தப் பொருள் இன்று செடிகொடிகளின் பெயர்களிலும் அகராதிகளிலும் ஒதுங்கிவிட்டது. பேய்மழை, பேய்க்காற்று என்பவற்றில் எஞ்சி நிற்பது ‘மிகப் பெரிய, கட்டுக்கடங்காத’ என்ற பொருள். தனியே பேய் என்றாலோ அச்சக்கதை. நகரப் போக்குவரத்து வரலாற்றை எழுதுபவர் அச்சொல்லைக் கையாண்டால், முதல் பத்தி முழுவதும் ‘அங்கே பேய் கிடையாது’ என்று விளக்குவதிலேயே கழிந்துவிடும்.

வேறு வழி இருக்கிறது. அதைக் காட்டியவர்களும் பெர்லின்காரர்களே. ‘கைஸ்டர்பான்ஹோஃப்’ என்பது மக்கள் வாயில் புழங்கிய சொல். மேற்குப் பெர்லினின் தட வரைபடங்களில் இந்நிலையங்களுக்கு இடப்பட்ட குறிப்பு ‘வண்டிகள் நிற்காத நிலையங்கள்’ என்பதுதான். பேயும் இல்லை, பாழும் இல்லை; பயணிக்கு வேண்டிய செய்தி மட்டும். அந்தக் குறிப்பைச் சுருக்கினால் தமிழில் ‘நில்லா நிலையம்’ கிடைக்கிறது. நிலையம், நிறுத்தம் இரண்டும் ‘நில்’ என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. வண்டி நிற்பதால்தான் அது நிலையம். அந்த வேரையே எதிர்மறையாக்கி முன்னால் வைக்கும்போது, இந்த இடத்தின் முரண் முழுவதும் இரண்டே சொல்லில் அடங்கிவிடுகிறது. ஜெர்மன் மொழிக்குப் பேயின் துணை தேவைப்பட்ட இடத்தில் நமக்கு நம் வினையடியே போதும்.

இதற்கு எழக்கூடிய தடைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். நில்லா நிலையம் என்றால் நிலையம்தானே நிற்கவில்லை என்றாகும், வண்டி எங்கே வந்தது என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கலாம். தமிழ்ப் பெயரெச்சம் செய்பவரை மட்டுமன்றி இடத்தையும் காலத்தையும் கொண்டு முடியும்; ‘பேருந்து நிற்காத ஊர்’ என்கிறோம், ‘உண்ணாநோன்பு’ என்கிறோம். நோன்பு உண்பதில்லை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. நிலையாமை பேசும் பாடல்களில் ‘நில்லாதவை’ என்றால் அழியக்கூடியவை என்ற பொருள் உண்டே என்பது அடுத்த தடை. உண்மைதான், ஆனால் ரயில் என்ற சூழலில் அது குறுக்கிடாது என்றே நினைக்கிறேன், குறுக்கிட்டாலும் கெடுதல் இல்லை.

‘தரியா நிலையம்’ ஈழத்து வழக்கை ஒட்டியது. பேருந்துத் தரிப்பிடம் என்று நாள்தோறும் சொல்பவர்களுக்கு அது உடனே விளங்கும்; மற்றவர்களுக்கு ‘தரித்தல்’ ஆடையையும் அணியையும் நினைவூட்டும். நில்லா நிலையம், தரியா நிலையம் இரண்டையும் இணைச்சொற்களாகப் பட்டியலில் ஏற்றலாம்.

உண்மையான இடர்ப்பாடு மூன்றாவது தடையில்தான் உள்ளது. உலகில் மூடிக்கிடக்கும் சுரங்க நிலையங்கள் எல்லாவற்றையும் இச்சொல் தழுவுமா? நியூயார்க்கின் நகர மன்ற நிலையம் 1904இல் திறக்கப்பட்டு 1945இன் கடைசி நாளோடு மூடப்பட்டது. இன்றும் 6ஆம் தட வண்டிகள் திரும்புவதற்காக அதன் வளைந்த நடைமேடையை ஒட்டிச் செல்கின்றன. அது நில்லா நிலையம்தான். ஸ்டாக்ஹோமின் ஷிம்லிங்கே திறக்கப்படவே இல்லை, ஆயினும் வண்டிகள் கடந்து போகின்றன. ‘மூடப்பட்ட நிலையம்’ என்று அதைச் சொல்ல முடியாது, நில்லா நிலையம் என்று சொல்லலாம். (அங்கே இறங்குபவர்கள் இறந்தவர்கள் மட்டுமே என்று அவ்வூரார் சொல்வதுண்டு, பேய்க் கட்சியினர் இதைத் தங்கள் பக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.)

இலண்டனின் ஆல்ட்விச் நிலையத்தில்தான் சொல் இடறுகிறது. 1907இல் ‘ஸ்ட்ராண்ட்’ என்ற பெயரில் திறக்கப்பட்ட அது, அந்தப் பெயர் 1915இல் அருகிலிருந்த வேறொரு நிலையத்துக்குப் போய்விட்டதால் ஆல்ட்விச் ஆயிற்று. ஹோல்போர்னிலிருந்து பிரியும் குறுங்கிளையின் கடைசி நிலையம் அது. 1994 செப்டம்பர் 30 அன்று மூடியபோது கிளையே ஓய்ந்துவிட்டது. பயணிகள் வண்டி எதுவும் கடந்து போகாத இடத்தில் ‘நில்லா’ என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது? இதற்கு ‘ஒழிந்த நிலையம்’ என்று சொல்லலாமா என்று எண்ணிப் பார்த்தேன். ‘வீடு ஒழிந்தால் சொல்லுங்கள்’ என்னும்போது உள்ள அழகான பொருள் அதில் இருக்கிறது. ஆனால் ஒழிப்பு என்றாலே ஊழலும் கொசுவும் நினைவுக்கு வரும் காலத்தில் அது எடுபடாது. ‘மூடிய நிலையம்’ என்ற எளிய சொல்லே இங்குப் போதும்.

எனவே ஒரே சொல்லால் இரண்டையும் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஜெர்மன் சொல் பிறந்தது வண்டி கடந்துபோகும் நிலையத்துக்காக. பிற ஊர்களில்தான் மூடிய எல்லாவற்றின் மேலும் அது பரவியது. அந்தப் பரவலையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதும்போது இரு சொல்லாகப் பிரித்து எழுதலாம் என்பதும் என் விருப்பம். ‘நில்லாநிலையம்’ என்று சேர்த்தால் கண் ஒருமுறை தடுக்குகிறது.

நண்பரின் கட்டுரையில் அந்த வாக்கியத்தை இப்படி அமைத்துப் பார்த்தேன்: “1973இல், ஒரு நில்லா நிலையத்தின் பெயர்ப்பலகை மாற்றப்பட்டது, கடந்து செல்லும் வண்டிகளின் சன்னலோரத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே அது தெரிய வந்தது.” இதில் விளக்கக் குறிப்பு தேவைப்படுகிறதா என்று, இந்த மடலின் மற்றப் பகுதிகளைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.