கடலோரத்துக்குக் குடிவந்த பின் மீண்டும் எழுதத் தொடங்கியவர்கள் இருக்கிறீர்களா?

கள்ளப்பாட்டிலிருந்து:

நான் மல்லாவிப் பக்கத்துப் பிள்ளை. வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவள். கணவரின் வேலை மாற்றத்தோடு முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் குடிவந்து ஒரு வருடமாகிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் எழுதிய நாட்குறிப்பு இங்கு வந்ததும் நின்றுபோனது. நேரம் இருந்தது, மனம்தான் இடம் கொடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்த கரை இது. வட்டுவாகல் பாலத்தைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால். இத்தனை பேர் இத்தனையை இழந்த மண்ணில் இருந்துகொண்டு, இன்று எங்கள் கதவுப் பிணைச்சல் கறள் பிடித்தது என்று எப்படி எழுதுவது?

எனக்கு வழி காட்டியவர் அயலில் இருக்கும் ஆச்சி. கரைவலைக் குடும்பம். பங்குனியில் ஒருநாள் கருவாடு வாங்கப் போனேன். நெத்தலி காயப்போட்டிருந்த பழைய வலையின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் சி.ஆர். கொப்பி என்கிற பெரிய எழுதுகொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். மீன் கணக்கா என்று கேட்டேன். "கணக்கு இல்லை பிள்ளை, இன்றைய நாள்" என்றார்.

கேட்டதும் கையில் தந்துவிட்டார். கொப்பியின் கம்பி கறள் பிடித்துத் தாளில் செம்மண் நிறத்தில் இறங்கியிருந்தது. பக்கங்களுக்கிடையே காய்ந்த மீன் செதில்கள். ஒரு நாளுக்கு நாலைந்து சிறு வரிகள்: "சோளகக் காற்று. வலை இரண்டு தரம். சூடை, கொஞ்சம் கீரிமீன். பேத்திக்குக் காய்ச்சல் விட்டது. மத்தியானம் ஒடியற்கூழ்."

இவை மூன்றாம் முறை தொடங்கியவை. முதலில் எழுதிய கொப்பிகளைச் சுனாமி கொண்டுபோனது. பிறகு எழுதியவை 2009இல் இடம்பெயர்ந்த வழியில் உடுப்புப் பையோடு விடுபட்டன. மீள்குடியேறிய நாளில் எழுதியதை ஆச்சி விரல் வைத்துக் காட்டினார்: "கிணறு இறைத்தோம். தண்ணீர் உவர்." பற்றைக்குள் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு அன்று அதுதான் செய்தி. அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நடந்த பெரிய விடயங்களை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அதை ஊரே வைத்திருக்கிறது பிள்ளை. அன்று வீட்டில் என்ன கறி என்பது எனக்குத்தானே தெரியும்" என்றார்.

அந்த வாரமே நானும் ஒரு கொப்பி வாங்கினேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குச் சிறு வயதிலிருந்தே போகிறவள் நான். ஆனால் தீர்த்தமெடுக்க வருகிறவர்களைக் கடற்கரையில் நின்று பார்த்தது இந்த வைகாசியில்தான். கடல்நீரை எடுத்துப்போய் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அந்த அற்புதத்தை எல்லோரும் அறிவார்கள். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்து அழுத சிறுவனையும், அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலை வரைக்கும் போன பெண்ணையும் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அவர் அவனுக்குத் தாய் அல்ல, யாரோ ஒருவர்.

புதிதாகக் கடலோரம் வருகிறவர்களுக்கு ஒன்று: பென்சிலால் எழுதுங்கள். உப்புக்காற்றில் தாள் ஈரம் பிடிக்கும், மை ஊறும். கொப்பியை மூடியுள்ள பிஸ்கட் பேணிக்குள் வைத்தால் மாரி மழைக்கும் தாங்கும் என்பது ஆச்சியின் அனுபவம்.

முழங்காவிலிலிருந்து:

தங்கச்சி, எங்களுக்குக் கடல் மேற்கே. ஓய்வு பெற்றபின் நாச்சிக்குடாப் பக்கம் காணி வாங்கி வீடு கட்டினேன். நானும் ஒரு வருடம் எதையும் எழுதவில்லை. ஆனால் ஆச்சியின் பேச்சோடு முழுவதும் ஒத்துப்போக என்னால் முடியாது. போனதையும் எழுதத்தான் வேண்டும். ஒருநாள் வயதான ஒருவர் படலையடியில் நின்று, கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டார். போருக்கு முன் பக்கத்துக் காணியில் இருந்தவராம். எந்த இடத்தில் மாட்டுக்கொட்டில் இருந்தது, வேலியோர முருங்கையை யார் நட்டார், எந்த வேலிப் பொட்டுக்குள்ளால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஓடினார்கள் என்று காணி முழுக்க நடந்து நடந்து சொன்னார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு அவர் பஸ் ஏறியதும் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஆதனப் பத்திரத்தில் எல்லைகள் மட்டும்தான் இருக்கின்றன. மீதி இப்போது என் கொப்பியில் இருக்கிறது.

மீண்டும் கள்ளப்பாட்டிலிருந்து:

ஐயா, நீங்கள் எழுதியதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கடலோடு போன கொப்பிகளில் நினைவிருப்பதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதலாமா என்றும் கேட்டேன். கார்த்திகையில் மழை பிடித்து வள்ளங்களைக் கரையேற்றிய பிறகு பார்க்கலாம் என்றார். அந்த முருங்கை இன்னும் காய்க்கிறதா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.