அழுதால் ஆத்மா போகாதா?

உறையூரிலிருந்து:

அடுத்த மாதம் அம்மாவின் தலைத்திவசம். ஒரு வருஷமாக உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே கேட்டுவிடுகிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். "அழாதப்பா, நீ அழுதா அந்த ஆத்மா போக முடியாம தவிக்கும்." சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் காரியங்களையும் செய்தேன். பதினாறாம் நாள் மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்தோம். வெயில் ஏறும்வரை நின்றும் காக்கை வரவில்லை. "அக்காவுக்கு ஏதோ மனக்குறை இருந்திருக்கு" என்று சித்தி சொன்னார். அந்தக் குறை நானா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். உங்கள் வீடுகளில் எப்படி? அழாமல் இருப்பதுதான் ஆன்மிகமா?

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, காக்கையை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் தெருவில் மரங்களை வெட்டியபிறகு யார் வீட்டுத் திவசத்துக்கும் அது நேரத்துக்கு வருவதில்லை. மாமனார் திதியன்று காத்துக் காத்துப் பார்த்த புரோகிதர், "பசுவுக்குக் கொடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு இல்லாத கவலை உங்கள் சித்திக்கு எதற்கு?

அழக்கூடாது என்பதை எந்த ஞானி சொன்னார் என்று நானும் தேடியிருக்கிறேன். பட்டினத்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும் செல்வத்தை உதறிவிட்டுக் கோவணத்தோடு இறங்கியவர். ஆனால் தாய்க்குக் கொள்ளிவைக்க வந்துவிட்டார் என்றுதான் கதை. பச்சை வாழைமட்டையை அடுக்கி, பாடியே தீ மூட்டினாராம். அந்தப் பாடல்களில் உலகம் பொய், உடம்பு பொய் என்ற பேச்சா இருக்கிறது? பத்து மாதம் சுமந்ததும், தொட்டிலிலும் தோளிலும் போட்டு வளர்த்ததும்தான் இருக்கிறது. இவளுக்கா நான் வாய்க்கரிசி போடுவேன் என்று கேட்கிறார். அதைவிட ஒரு மகன் எப்படி அழ முடியும்?

என் கதையையும் சொல்கிறேன். கணவர் போனபோது நானும் அழவில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப பென்ஷன் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். "டீச்சர் எவ்வளவு பக்குவமா இருக்காங்க" என்று ஊரில் பெயர். ராத்திரி தூக்கம் மட்டும் கிடையாது. ஒருநாள் தள்ளுவண்டிக்காரர், "சாருக்குப் பிடிச்ச பச்சைச் சுண்டைக்காய் வந்திருக்கும்மா" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்தவள்தான், தெருவே வேடிக்கை பார்க்க அழுதேன். பாவம், அந்த மனிதர் பயந்துபோய் வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அன்று இரவு தூங்கினேன். அதனால் என் கணவருடைய ஆத்மா எங்கும் மாட்டிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் மார்க்கத்திலும் இதைத் தவறாகச் சொல்பவர்கள் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பச்சிளம் பாலகனாக இறந்தபோது நபியவர்கள் கண்ணீர் விட்டார்கள். "நீங்களுமா?" என்று பக்கத்திலிருந்த தோழர் கேட்டதற்கு, இது இரக்கம் என்றார்கள். கன்னத்தில் அறைந்துகொள்வதும் சட்டையைக் கிழித்துக்கொண்டு கதறுவதும்தான் தடை. கண்ணீருக்குத் தடை இல்லை.

வாப்பா மவுத்தானபோது உம்மா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார், அதாவது கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம். அடைத்துவைத்தது போல ஆகிவிடுமோ என்று எனக்குள் பயம். ஆனால் தெருப் பெண்கள் தினமும் வந்து வாப்பாவைப் பற்றியே பேசினார்கள். உம்மாவும் சலிக்காமல் பேசினார். எல்லாப் பெண்களுக்கும் அது அப்படி அமையும் என்று சொல்லமாட்டேன்.

கனடா, ஸ்கார்பரோவிலிருந்து:

அம்மா யாழ்ப்பாணத்தில் மோசம் போனபோது எனக்குப் போகக் கிடைக்கவில்லை. செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். சடங்குக்கான சுண்ணப் பொடி இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடினார்கள். படம் நின்று நின்று வந்தது, பாட்டு மட்டும் விடாமல் கேட்டது. பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கீரிமலையில் நடந்தது. அன்றைக்குக் கொடுத்த கல்வெட்டை, அதாவது அம்மாவின் நினைவுப் புத்தகத்தை, தம்பி தபாலில் அனுப்பினான். அதில் இருந்த புலம்பல் பாட்டு யாரோ காசுக்கு எழுதியதுதான். என்றாலும் அதைப் படித்துத்தான் நான் முதல்முதலாக வாய்விட்டு அழுதேன்.

எங்கள் வழக்கத்தில் தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை விரதம், தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. அம்மா இருக்கும்போது சித்திரா பௌர்ணமி எப்போது வருகிறது என்று நான் காலண்டரில் பார்த்ததே இல்லை. இப்போது அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, விரதம் பிடித்து, அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறேன். போன முறை அன்றிரவு கனவில் வந்தா. ஆசீர்வாதம் ஒன்றும் இல்லை. "அடுப்பை நிப்பாட்டினியோ?" என்று ஏசினா. எழும்பிப் போய்ப் பார்த்தேன், நிறுத்தித்தான் இருந்தது. அது அம்மாவோ என்ர மனமோ தெரியாது. ஏசினது அம்மாவின் குரல்தான்.

திருவண்ணாமலையிலிருந்து:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1922 மே மாதம் ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாள் கடைசி மூச்சுவிட்டபோது, மகரிஷி ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். முடிந்ததும் எழுந்தார், எல்லோரும் சாப்பிடலாம், தீட்டு இல்லை என்றார். தாயாரின் சமாதிமேல் எழுந்ததுதான் ஆசிரமத்தில் இன்று நாம் பார்க்கும் மாத்ருபூதேஸ்வரர் கோயில். அண்ணன் போன சமயம் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. அந்தச் சந்நிதியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். "கல்நெஞ்சுக்காரன்" என்று அண்ணியின் வீட்டார் சொன்னார்கள். அழாதே என்பது ஒரு கட்டளை என்றால், அழுதே தீரவேண்டும் என்பதும் இன்னொரு கட்டளைதான்.

உறையூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதியதைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் புரோகிதர் பேச்சுக்குச் சிரித்தார். அப்புறம் அவரே, "அக்கா போனதுலேர்ந்து நானும் யார்கிட்டயும் அழலைடா" என்றார். சாயங்காலம்வரை அம்மா பேச்சுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

திவசத்தை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் செய்கிறோம். மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பெயர், அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் தெரியும். அந்தப் பாட்டியின் மாமியார் பெயர் சித்திக்கும் தெரியவில்லை. மணப்பாறையில் பெரிய அத்தை இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு வரவேண்டும்.