நடுக்கடலில் படித்த எட்வர்ட் எவரெட் ஹேல்

சரக்குக் கப்பலில் செகண்ட் மேட் (கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளில் ஒருவர்) வேலை எனக்கு. ஏறினால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் வீடு. அப்படி ஒரு பயணத்தில், நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச் டியூட்டியை முடித்துவிட்டுத் தூக்கம் வராத ஒரு விடியற்காலையில், மெஸ் ரூம் (சாப்பாட்டு அறை) அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு தொகுப்பை எடுத்தேன். அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் எவரெட் ஹேலின் 'நாடில்லாத மனிதன்' என்ற சிறுகதை அதில்தான் இருந்தது.

ஹேல் பாஸ்டன்காரர் (1822–1909). யூனிட்டேரியன் (கடவுள் மூவரல்ல, ஒருவரே என்னும் கிறிஸ்தவப் பிரிவு) போதகர், அந்த ஊரில் ஒரே சபையில் 40 ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-ல் இந்தக் கதை அவர் பெயர் இல்லாமலே வெளிவந்தது.

பிலிப் நோலன் என்ற இளம் ராணுவ அதிகாரி, விசாரணையில் ஆத்திரப்பட்டு, இனி அமெரிக்கா என்ற பேரே தன் காதில் விழவேண்டாம் என்று கத்திவிடுகிறான். சரி, அப்படியே ஆகட்டும் என்று தீர்ப்பாகிறது. 50 ஆண்டுகளுக்கு மேல் அவனைக் கரையிறக்காமல் ஒரு கடற்படைக் கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நாட்டைப் பற்றிய வரிகளைக் கத்தரித்த பிறகுதான் பத்திரிகை கைக்கு வரும். சட்டைப் பித்தானில்கூட நாட்டின் சின்னம் கிடையாது. அதனால் அவனுக்குப் பட்டப்பெயரே 'வெறும் பித்தான்'. இதைப் படித்ததும் என் யூனிஃபார்ம் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

என்னைக் கலங்கடித்த இடம் வேறு. பிடிபட்ட அடிமைக் கப்பலில் விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களிடம், மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பால்மாஸ் முனையில் இறக்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். அங்கே வேண்டாம், எங்கள் ஊருக்கு, எங்கள் பிள்ளைகளிடம் கொண்டுபோய் விடுங்கள் என்று அவர்கள் கதறுகிறார்கள். அவர்களில் சிலருக்குப் புரிந்த போர்ச்சுகீசியம் கப்பலில் தெரிந்தவன் நோலன் மட்டும்தான். அந்த வார்த்தைகளை அவன்தான் தன் வாயால் மொழிபெயர்க்க வேண்டும்! அதற்கு மேல் படிக்க முடியாமல் டெக்குக்குப் போய் நின்றேன்.

நோலன் 1863-ல் லெவன்ட் என்ற கப்பலில் இறப்பதாகக் கதை. நிஜ லெவன்ட் 1860-லேயே பசிபிக்கில் காணாமல் போய்விட்டது. அப்படியும் பலர் இதை உண்மை வரலாறு என்றே நம்பினார்கள்.

அப்புறம் அவருடைய 'செங்கல் நிலா'வையும் (1869) தேடிப் படித்தேன். மாலுமிகள் கடலிலிருந்து பார்த்துத் தீர்க்கரேகையை (கிழக்கு மேற்காகக் கப்பல் எங்கே இருக்கிறது என்பதை) கண்டுபிடிக்க, 200 அடி விட்டத்தில் செங்கல் உருண்டை ஒன்றைச் செய்து வானத்தில் ஏவப் பார்க்கிறார்கள். தினமும் செயற்கைக்கோள்களை நம்பி ஜிபிஎஸ் திரையைப் பார்க்கிற எனக்கு மெய்சிலிர்த்தது. அது தவறுதலாக ஆட்களோடு கிளம்பிவிடுகிறது. மேலே போனவர்கள் வரிசையாக நின்று, உயரமாகவும் தாழ்வாகவும் குதித்தே மோர்ஸ் தந்தி அடிக்கிறார்கள், கீழே தொலைநோக்கியில் பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு.