பாசி நாளில் கூட்டம் வைத்தால் யார் போவது?

மரிக்கொழுந்து:
வருகிற அமாவாசையை ஒட்டி மண்டபம் ஊரில் இரண்டு நாள் கூடல் நடக்கிறது. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடலையும் கண்மாயையும் காக்க வேலை செய்கிற ஊர்க்குழுக்களை அழைத்திருக்கிறார்கள். பாம்பனிலிருந்து கடற்பாசி எடுக்கிற எங்கள் குழுவும் மூன்று பேரை அனுப்ப வேண்டுமாம்.

போக ஆசைதான். ஆனால் நாங்கள் மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுக்கிறோம். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு, அப்போதுதான் நீர் நன்றாக வற்றும். மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் கை வைப்பதே இல்லை. பாசி மறுபடி தழைக்கட்டும் என்று நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. அந்த 12 நாளில் இரண்டு நாள் போய்விட்டால் அந்த மாதம் கடை பாக்கி அடைபடாது. போகலாமா, விட்டுவிடலாமா? இப்படிப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்கடல்:
விட்டுவிடுங்கள் அக்கா. நான் மூன்று கூட்டங்களுக்குப் போய்வந்தவன். நம்மைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, "பாசி எடுக்கும் சகோதரி இரண்டு வார்த்தை பேசுவார்" என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுப்பார்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஒரு சால்வை போர்த்தினார்கள். அதே வாரம் தீவுப் பக்கம் போன அவருடைய வள்ளத்தை மறித்துப் பாசி மூட்டையைப் பறித்துக்கொண்டார்கள். சால்வை போர்த்திய யாரும் அன்று கரைக்கு வரவில்லை. அந்தச் சால்வை இன்னும் எங்கள் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது, அம்மா அதைத் தொடுவதில்லை.

கட்டுப்பாடு போட்டது நீங்கள், அதைக் காப்பதும் நீங்கள். எந்த மண்டபத்திலும் அது பிறக்கவில்லை.

அலையாத்தி:
தம்பி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனாலும் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் காரங்காட்டுப் பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் ஆட்களை அழைத்துப் போகிறேன். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு கூடலில், முதுகுளத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் அருகில் உட்கார்ந்திருந்தார். நான் நட்ட கன்றுகள் காய்ந்துபோவதைச் சொன்னேன். "உப்பு கூடிவிட்டதா பார், மேலே இருந்து நல்ல தண்ணீர் வருகிறதா பார்" என்றார். அதுவரை நான் கடலையும் காற்றையும்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் ஓடை வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து வெட்டினோம். அடுத்த ஐப்பசி மழைக்குத் தண்ணீர் இறங்கியது. கன்றுகள் எல்லாம் பிழைத்தன என்று சொல்லமாட்டேன். ஓடைப் பக்கம் நட்டவை நின்றன. அந்தப் பெரியவரை நான் வேறு எங்கே சந்தித்திருப்பேன்?

கண்மாய்க்கரை:
அலையாத்தி சொல்வது எங்கள் அனுபவமும்கூட. வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து, மிச்சம்தான் ஆற்றங்கரை அருகே கடலில் சேர்கிறது. "கடலில் வீணாகக் கலக்கிறது" என்று எங்கள் ஊரில் நானே பேசியிருக்கிறேன். கடற்கரைக்காரர்கள் சிலரோடு ஒரு நாள் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சை விட்டேன். முகத்துவாரத்தில் இறங்கும் நன்னீரை நம்பி இறால் குஞ்சும் அலையாத்தியும் இருக்கின்றன.

பறவைகள் வந்து தங்குகிற சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. பெருமைதான். ஆனால் கண்மாய் நிரம்பாத வருடம் நாரை வராது. வரத்துக் கால்வாயை வெட்டிவிடுவது பக்கத்து ஊர்க்காரர்கள் கூடிச் செய்கிற வேலை. அவர்களோடு முகம் பார்த்துப் பேசாமல் அது எப்படி நடக்கும்?

தென்கடல்:
கற்றுக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. முடிவெடுக்கிற இடத்தில் நாம் இருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே தங்கி மீனும் பாசியும் எடுத்தவர்கள் ஒருநாள் அத்துமீறியவர்கள் ஆனோம். 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்கிறது. எங்கள் வள்ளத்தில் ஒரு இரவு வந்து பாருங்கள், விளக்கு எவ்வளவு பக்கத்தில் தெரிகிறது என்று. இரண்டு விசைப்படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வலை தரையோடு வழித்துப் போகிறது. இதைப் பேசாமல் மரம் நடுவதையும் துணிப்பையையும் பேசுகிற கூட்டத்துக்கு ஏன் கூலியை விட்டுப் போக வேண்டும்?

இன்னொன்று. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பாசி விவகாரம். குருசடைத் தீவில் பவளப்பாறைமேல் அது படர்ந்து மூடியதை 2008இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். மூங்கில் மிதவையிலிருந்து ஒடிந்த துண்டு அலையோடு போய் எங்கே ஒட்டினாலும் வளர்ந்துவிடும், விதை வேண்டியதில்லை. அந்தப் பாசியைக் கட்டுகிறவர்களும் இயற்கைப் பாசி எடுக்கிறவர்களும் ஒரே கூடத்தில் உட்காரப் போகிறார்கள். யாராவது வாய் திறப்பார்களா?

மிதவை:
நான் திறக்கிறேன் அண்ணா. மிதவை கட்டுகிறவள் நான்தான்.

ஒரு குளிர்பான நிறுவனம் கொண்டுவந்ததால் அதன் பெயரையே பாசிக்கு வைத்துவிட்டார்கள். கப்பாபைகஸ் என்கிற அதன் உண்மைப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குச் சொல்ல வராது. மூங்கில் கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகக் கோத்து இறக்கினால் 45 நாளில் அறுவடை. என் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த மிதவைதான். பவளத்தைக் கொல்கிறவர்கள் என்று எங்களை எழுதாதீர்கள். எங்களுக்கு வேறு என்ன பாசி தரலாம், எந்த நீரில் கட்டினால் தீவுக்குச் சேதம் வராது என்று கேட்க எங்களுக்கும் இடம் வேண்டும். தொண்டி வலமாவூரில் 2023இல் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே என்ன வளர்ப்பது என்பதை நாம் கூடிப் பேசாவிட்டால் வேறு யாரோ பேசி முடித்துவிடுவார்கள். நான் போகிறேன்.

தென்கடல்:
தங்கச்சி, உங்கள் கணவர் விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். துண்டு ஒடிந்து போவதைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன். அது உண்மை.

மிதவை:
உண்மைதான். வாடைக்காற்றில் மிதவையே கிழிந்து போகும், நானே பார்த்திருக்கிறேன். மிதவைக்கு அடியில் வலை கட்டுகிறோம், அதையும் மீறிப் போகிறது. அதனால்தான் பேச வேண்டும் என்கிறேன்.

மரிக்கொழுந்து:
எல்லாவற்றையும் எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். விரலில் துணி சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாறையில் கைவிட்டுப் பிடுங்கினால் சதை கிழியும், அதனால் கடலுக்கு இறங்குமுன் பத்து விரலுக்கும் துணி. சுரண்டி என்கிற கருவி கையில் இருந்தால் துணி வேண்டாம், வேலையும் பாதி. பாறையோடு பெயர்ந்து அடியோடு போய்விடும் என்றுதான் சுரண்டியை விட்டோம். ஒரு ஊர் மட்டும் விட்டிருந்தால் பக்கத்து ஊர் வந்து சுரண்டியிருக்கும். பல ஊர்ப் பெண்கள் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டதால்தான் நின்றது. தம்பி, மண்டபத்தில் பிறக்கவில்லை என்றீர்கள். சரிதான், ஆனால் கூடாமலும் பிறக்கவில்லை.

நடத்துகிறவர்களிடம் பேசினேன். அமாவாசைக்குப் பதில் அட்டமியில் வைத்தால் நீர் அவ்வளவாக வற்றாது, எல்லாரும் வருவோம் என்றேன். கூடம் பதிவாகிவிட்டது, இந்த முறை மாற்ற முடியாது என்றார்கள். அடுத்த தேதியை எங்களைக் கேட்டு வைப்பதாகச் சொன்னார்கள். பாசிப் பேச்சை முதல் நாள் மாலை நான்கு மணிக்குத் தள்ளச் சம்மதித்தார்கள். காலையில் கடல், மாலையில் கூடல்.

தென்கடல்:
நான் வரவில்லை அக்கா. மூன்று மைல் கதையை யாராவது எடுத்தால் போதும். என்ன தீர்மானம் போட்டாலும் அதை எழுதி வாங்கி வந்து, நம் கரையில் எல்லாரும் கேட்க வாசியுங்கள். அம்மாவும் கேட்கட்டும்.

மரிக்கொழுந்து:
வாசிக்கிறேன் தம்பி. மூன்று மைலை நானே எடுக்கிறேன். மிதவைத் தங்கச்சி, மூன்று மணிக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நிற்போம். உங்கள் மிதவையில் ஒரு பிடி, நாங்கள் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியில் ஒரு பிடி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். மேசைமேல் வைத்துப் பேசலாம்.