பீட்டில்ஸ் 1964 அமெரிக்கப் பயணப் படம்: மேடையைக் காட்டுவதா, தொலைக்காட்சி பார்த்த வீட்டைக் காட்டுவதா?

சத்துவாச்சாரி வாசகி எழுதியது:

வேலூரில் நாங்கள் சிலர் மாதம் ஓர் ஆவணப்படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு மாலை கூடிப் பேசி வருகிறோம். இம்முறை, பிரிட்டனின் பீட்டில்ஸ் இசைக்குழு 1964 பிப்ரவரியில் முதன்முறையாக அமெரிக்கா சென்ற பயணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நாள்களில் ஆல்பர்ட் மேசல்ஸ், டேவிட் மேசல்ஸ் என்னும் சகோதரர்கள் எடுத்த படச்சுருள்களிலிருந்து வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு படங்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் 1991-இல் வெளிவந்த தொகுப்பையும், டேவிட் டெடெஸ்கி இயக்கத்தில் 2024 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளிவந்த ‘பீட்டில்ஸ் 64’ படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 9 இரவு எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இக்குழு பாடியதை ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகக் கூறப்படுகிறது. பயணத்தின் உச்சம் அதுவே. 1991 தொகுப்பு அந்த மேடைப் பாடல்களை நேரடியாகக் காட்டிவிடுகிறது. 2024 படத்திலோ, நியூயார்க்கின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் குடும்பத்தையும் பார்க்கிறோம். மேடைப் பதிவு தெளிவாகக் கையில் இருக்கும்போது யாரோ ஒருவருடைய வீட்டை ஏன் காட்ட வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்த வீட்டுக் காட்சியே பிடித்திருந்தது. ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அது குறைபாடா, திட்டமிட்டு எடுத்ததா? இந்த இசைக்குழுவின் பாடல்களை அதிகம் கேட்டிராதவர்களுக்கு இரண்டில் எந்தப் படத்தை முதலில் பரிந்துரைக்கலாம்?

ஆம்பூர் ஒளிப்பதிவாளர் எழுதியது:

சகோதரி, அது திட்டமும் இல்லை, குறைபாடும் இல்லை. சல்லிவன் நிகழ்ச்சி நடந்த அரங்கத்துக்குள் படமெடுக்க மேசல்ஸ் சகோதரர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த நிகழ்ச்சி சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தின் சொத்து, அதன் கேமராக்கள் மட்டுமே உள்ளே இயங்கலாம். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு குடியிருப்புக்குள் சென்று, நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் படமெடுத்தார்கள். அதனால்தான் இன்று நமக்கு அந்த இரவைப் பற்றி இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. மேடையில் என்ன நடந்தது என்பதற்குத் தொலைக்காட்சி நிறுவனத்தின் பதிவு சான்று. அந்தப் பாட்டு ஒரு வீட்டுக்குள் வந்து விழுந்தபோது அங்கிருந்த சிறுமிகளின் முகத்தில் என்ன நடந்தது என்பதற்கு மேசல்ஸ் எடுத்த சுருளே சான்று. ஏழு கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்பதை அந்த ஒரு வீடுதான் எனக்குப் புரிய வைத்தது.

நான் திருமண நிகழ்ச்சிகளைப் படமெடுத்துத் தொகுக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், அவர்கள் எடுத்த முறையைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் தொலைபேசியில் அழைத்து, பீட்டில்ஸ் குழுவினர் நியூயார்க்கில் வந்திறங்கப் போகிறார்கள், படமெடுக்க முடியுமா என்று கேட்டபோது, அண்ணன் ஆல்பர்ட்டுக்கு அந்தக் குழுவைப் பற்றித் தெரியாது. தம்பி டேவிட்டுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் தோளில் 16 மி.மீ. கேமரா, தம்பி கையில் ஒலிநாடாக் கருவி: படக்குழு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை, உதட்டசைவோடு குரல் பொருந்தும்படி எடுக்க வேண்டுமானால் கனத்த கேமரா, முக்காலி, விளக்குகள், ஒலிப்பதிவு வண்டி என்று ஒரு பட்டாளமே தேவைப்பட்டது. ஆகவே பெரும்பாலான ஆவணப்படங்களில் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, பின்னால் ஒருவரின் வர்ணனையைச் சேர்ப்பார்கள். 1960 வாக்கில் இலேசான கேமராவும், அதே வேகத்தில் பிசகாமல் ஓடக்கூடிய கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பிறகுதான், ஓடும் காரின் பின்னிருக்கையிலோ விடுதி அறையின் மூலையிலோ உட்கார்ந்து பேச்சையும் படத்தையும் ஒன்றாகப் பிடிக்க முடிந்தது. ‘நேரடி சினிமா’ என்று பெயர் பெற்ற முறை இதுதான். இதில் வர்ணனை கிடையாது. பேட்டியும் இயன்றவரை கிடையாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 400 அடி கொண்ட ஒரு 16 மி.மீ. சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். எப்போது இயக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமலேயே முடிவு செய்தாக வேண்டும். இன்று நாங்கள் மெமரி கார்டில் மணிக்கணக்கில் பதிவு செய்துவிட்டு, தொகுக்கும்போது எதை வெட்டுவது என்று தெரியாமல் தவிக்கிறோம். அந்தப் படத்தில், காரில் போகும்போது பீட்டில்ஸ் குழுவினர் சிறு டிரான்சிஸ்டர் வானொலியைக் காதருகே வைத்துத் தங்களைப் பற்றிய செய்தியைத் தாங்களே கேட்கும் காட்சியைக் கவனியுங்கள். தொழில் தெரிந்தவர்கள் அந்தக் காட்சியின் மதிப்பை அறிவார்கள்.

ஆரணி கூத்து ரசிகன் எழுதியது:

ஆம்பூர் அண்ணன் கூறியதோடு உடன்படுகிறேன். ஆனால் 2024 படத்துக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அது வாஷிங்டன் நிகழ்ச்சி. பிப்ரவரி 11 அன்று பனிப்பொழிவு காரணமாக விமானத்தில் செல்லாமல், நியூயார்க்கிலிருந்து ரயிலில் வாஷிங்டன் சென்றார்கள். அந்த ரயில் பெட்டிக்குள் நடப்பவற்றை மேசல்ஸ் சகோதரர்கள் எடுத்தார்கள். அன்றிரவு வாஷிங்டன் கொலிசியம் அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சியையோ வேறொரு படக்குழு பதிவு செய்தது. அப்பதிவு 1964 மார்ச்சில் அமெரிக்கத் திரையரங்குகளில் கட்டணக் காட்சியாகத் திரையிடப்பட்டது. இரண்டும் ஒரே கையால் எடுக்கப்பட்டவை என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

குத்துச்சண்டை மேடையைப் போல நடுவில் ஒரு மேடை. நான்கு பக்கமும் மக்கள். சில பாடல்கள் முடிந்ததும் பாடகர்கள் ஒலிவாங்கிகளோடு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். ரிங்கோ ஸ்டார் தம்முடைய டிரம் மேடையைப் பிடித்து உருட்டித் திருப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் மூன்று பக்கமும் சனம் அமர்ந்திருக்கும். கட்டியங்காரனும் வேடதாரிகளும் சுற்றிச் சுற்றி ஆடினாலும், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணைக்காரர்கள் பின்னால் ஒரே இடத்தில் இருப்பார்கள். பாட்டும் வாத்தியமும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன பாடு என்பதை அந்த வாஷிங்டன் காட்சியில் பார்க்கலாம். அவ்வளவு இடைஞ்சலிலும், மண்டபத்தின் கூச்சலுக்கு நடுவிலும், அன்று அவர்கள் வாசித்த வேகம் அசாத்தியமானது.

பழைய பதிவில் அந்த வேகம் சரியாகக் கேட்காது. குரல், கிதார், டிரம், கூச்சல் எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒற்றைத் தடம் அது. 2024 படத்துக்காக நியூசிலாந்தில் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் விங்நட் நிறுவனத்தார் கணினியின் உதவியால் அந்தத் தடத்தைக் குரல் வேறு, கருவி வேறு எனப் பிரித்துக்கொடுக்க, இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் அவற்றை மீண்டும் கலந்து அமைத்திருக்கிறார். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாடல்களை அறியாதவர்களுக்கு எதை முதலில் காட்டுவது என்று கேட்டால், இந்தப் பகுதி என்பேன்.

குடியாத்தம் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2024 படத்தில் வரும் இன்றைய பேட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே! அவற்றுள் சிலவற்றால் படத்துக்கு நன்மை. ஒன்றால் கேடு என்பது என் கருத்து.

நன்மை எது என்றால், ஸ்மோக்கி ராபின்சன், ரொனால்டு ஐஸ்லி ஆகிய கறுப்பின அமெரிக்க இசைக் கலைஞர்களின் பேச்சு. இவர்களுடைய பாடல்களை பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் தொடக்க கால இசைத்தட்டுகளிலேயே பாடியிருக்கிறார்கள். லிவர்பூல் இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்ததில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்தே சென்றதுதான். அங்கிருந்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதைக் கடல் கடந்து திரும்பி வந்த பிறகே செவிமடுத்தார்கள். இதை மேசல்ஸ் சகோதரர்களின் கேமரா அந்த இரண்டு வாரங்களில் விடுதி அறைக்குள் இருந்தபடி காட்டியிருக்க முடியாது. வர்ணனை வேண்டாம் என்று உறுதி பூண்ட முறைக்கு இப்படி ஓர் எல்லை உண்டு. ஆம்பூர்த் தம்பி அந்த முறையைப் போற்றியது சரியே. எனினும் கண்முன் நடப்பதை மட்டும் காட்டுகிறவர்களுக்கு அதன் முன்கதை அகப்படுவதில்லை.

கேடு என்று சொன்னது, கென்னடி படுகொலையோடு இந்த வரவேற்பை முடிச்சுப் போடுவது. 1963 நவம்பர் 22-இல் குடியரசுத் தலைவரைப் பறிகொடுத்த நாடு துக்கத்தில் மூழ்கிக் கிடந்தது, அந்தத் துக்கத்தைப் போக்கிய மருந்தாக இந்த நால்வர் வந்தார்கள் என்ற விளக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். படம் அதை முன்னால் நிறுத்துகிறது. பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் விமான நிலையத்தில் கூச்சலிட்டது அரசியல் துயரத்தால்தான் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருக்கும் காரணங்களைப் பாருங்கள். கேப்பிடல் நிறுவனம் இக்குழுவின் முந்தைய இசைத்தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட மறுத்துவிட்டது. அவை சிறு நிறுவனங்கள் வழியாக வந்து கவனிக்கப்படாமல் போயின. 1963 டிசம்பரில் வாஷிங்டன் வானொலி ஒன்று, பிரிட்டனிலிருந்து வந்த இசைத்தட்டு ஒன்றை ஒலிபரப்ப, நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். ஜனவரியில் வெளியிடவிருந்த அதே பாடலின் தட்டை கேப்பிடல் அவசர அவசரமாக டிசம்பர் 26-ஆம் தேதியே வெளியிட்டது. பள்ளி விடுமுறைக் காலம், பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், வானொலி ஓடிக்கொண்டே இருந்தது. பிப்ரவரி 1 தேதியிட்ட பில்போர்டு இதழின் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் அந்தப் பாடல் முதலிடம் பிடித்துவிட்டது. விமானம் தரையிறங்கியது பிப்ரவரி 7. வணிகமும் வானொலியும் சேர்ந்து செய்து முடித்த வேலைக்குப் பின்னர்தான் அவர்கள் வந்தார்கள்.

கூட்டத்தைத் தொடங்கும் முன்பு சகோதரி ஒன்றை இளையவர்களுக்கு விளக்கிவிட வேண்டும். 1964-இல் நம் நாட்டில் தொலைக்காட்சி டெல்லியில் மட்டுமே இருந்தது. சென்னைக்கு அது 1975-இல்தான் வந்தது. ஒரே இரவில், ஒரே நேரத்தில், ஒரு நாட்டின் பெரும்பகுதி ஒரே பாட்டைக் கண்ணால் கண்டு கேட்டது என்பது எங்களுக்கு அப்போது கற்பனைக்கும் எட்டாதது. இலங்கை வானொலியில் கேட்பதோடு எங்களுக்கு முடிந்தது. இதைச் சொல்லிவிட்டால், உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டுக் காட்சியே பதில் சொல்லும்.

ஆம்பூர் ஒளிப்பதிவாளர் மீண்டும் எழுதியது:

ஐயா கூறிய எல்லையை ஏற்றுக்கொள்கிறேன். முன்கதை இந்த முறைக்கு அகப்படாதுதான். ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். ஐஸ்லி பேசும்போது எனக்கும் காட்சி விரிவடைந்தது. வேறு சிலர் தங்கள் இளமை நினைவுகளைச் சொல்லும்போதோ, 1964-இன் அறைக்குள்ளிருந்து நம்மை வெளியே இழுத்துவிடுகிறார்கள். பொன் போன்ற காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை வெட்டிவிட்டு, அக்காட்சி எவ்வளவு சிறப்பானது என்று ஒருவர் விளக்குவதைத் தொகுப்பாளன் என்ற முறையில் என்னால் பொறுக்க முடியவில்லை.

சத்துவாச்சாரி வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உள்ளே விடாததால்தான் அந்த வீட்டுக் காட்சி கிடைத்தது என்பதை நண்பரிடம் சொன்னேன்; அப்படியானால் 1991 தொகுப்பில் மேடைப் பாடல்களைச் சேர்த்தவர்கள் தவறு செய்தார்களா என்று திருப்பிக் கேட்டுவிட்டார். பாடல்களைக் கேட்க விரும்புவோரின் பக்கம் நின்று பார்த்தால் அது தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆரணி அன்பர் சொன்னபடி வாஷிங்டன் பகுதியை முதலில் பார்க்கச் சொல்லி, அதன் பிறகு 2024 படத்தை முழுமையாகவும், விருப்பமுள்ளவர்கள் 1991 தொகுப்பையும் பார்க்கலாம் என்று குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இதே முறையில் எடுக்கப்பட்ட வேறு பயணப் படம் எதையாவது அடுத்த மாதத்துக்குப் பரிந்துரைக்க முடியுமா?

ஆரணி கூத்து ரசிகன் எழுதியது:

பாடகர் பாப் டிலன் 1965-இல் இங்கிலாந்துக்குச் சென்ற பயணத்தை டி. ஏ. பென்னிபேக்கர் எடுத்து 1967-இல் வெளியிட்ட படத்தைப் பாருங்கள். இதற்கு நேர் எதிர்த் திசைப் பயணம் அது. அமெரிக்கர் ஒருவர் பிரிட்டனுக்குப் போகிறார். தோளில் கேமரா, வர்ணனை இல்லை, விடுதி அறை, பத்திரிகையாளர்கள் என்று எல்லாம் ஒன்றே. ஆனால் பீட்டில்ஸ் நால்வரும் கேமராவைக் கண்டால் வேடிக்கை செய்கிறார்கள்; டிலன் எதிரில் இருப்பவரைக் கேள்வியால் மடக்குகிறார். மேசல்ஸ் சகோதரர்களையே தொடர விரும்பினால், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969 அமெரிக்கப் பயணத்தைப் பற்றி அவர்கள் ஷார்லட் ஸ்வெரினோடு சேர்ந்து எடுத்து 1970-இல் வெளிவந்த படம் இருக்கிறது. அதில் ஆல்டமாண்ட் இசை நிகழ்ச்சியில் கேமராவின் முன்பே ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்படுகிறார் என்பதால், உங்கள் குழுவில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.